அழுகை கேட்காத வீடு

அவளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. வயதில் மூத்தவள். எங்களுக்கெல்லாம் சோறு ஊட்டியவள். மராத்தி ஊரான கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் அவள் பேச்சு வந்தால் இன்றும் ‘மகராசி’ என்பார்கள். எனக்கு என்னவோ மனம் வரவில்லை. வேண்டுமானால் பெயரை எழுதாமல் விடுகிறேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் ஒரு பாளணாகர் நடத்திக்கொண்டிருந்தாள். மராத்தியில் தொட்டில் வீடு என்று அர்த்தம். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் குழந்தையை விட்டுவிட்டு மாலையில் அழைத்துக்கொண்டு போகிற இடம். என் அம்மா, அப்பா இருவருக்கும் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குப் பகல் வேலை, அப்பாவுக்கு ஷிப்டு மாறி மாறி வரும். வேலூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ரயிலேறி வருவார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அவள்தான் இருந்தாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக், கீழ் வீடு. அவள் புருஷனுக்கு ஒதுக்கிய வீடு அது. ஒரு ஹால், ஓர் அறை, சமையல்கட்டு, பின்பக்கம் துணி துவைக்கும் கல். அதற்குள் எட்டு பத்துக் குழந்தைகள். அந்த வீட்டைப் பற்றி ஊர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அங்கே குழந்தைகள் அழுவதே இல்லை.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் யாரையும் அடித்ததில்லை. அவள் கை பட்டு ஒரு குழந்தையின் கன்னமும் சிவந்ததில்லை. சோறு சூடாக இருக்கும், ரசத்தில் காரம் குறைத்து வைப்பாள், தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பாள். சனிக்கிழமை எல்லோருக்கும் நகம் வெட்டி, பேன் சீப்பு போட்டு வாரி அனுப்புவாள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் விளக்குமாறு பறக்கும். அதெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. அடித்திருந்தால் இவளையும் மறந்திருப்பேன்.

ஒல்லியாக, உயரமாக இருப்பாள். முந்தானையை இடுப்பில் செருகியிருப்பாள். குழந்தைகளோடு தமிழ், காய்கறிக்காரனோடு இந்தி, மாடி வீட்டுக் காகுவோடு மராத்தி. காகு என்றால் அந்த ஊரில் சித்தி, அத்தை எல்லாம்தான். அந்தக் காகு படியில் இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, எவ்வளவு அமைதியான குழந்தைகள் என்று மராத்தியில் மெச்சிவிட்டுப் போவாள். அதைக் கேட்டதும் இவள் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பரீட்சையில் பாஸான மாதிரி.

அவள் அழுகையை நிறுத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். அறையில் ஓர் இரும்பு பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. ஒரு குழந்தை உதட்டைப் பிதுக்கத் தொடங்கியதுமே வந்துவிடுவாள். நோகாமல் இரண்டு தோள்களையும் பிடித்துக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். பிறகு மற்றவர்களைக் கூப்பிடுவாள்.

“எல்லாம் வாங்க, கொரங்கு வந்துக்கீது பாருங்க.”

நாங்கள் ஓடுவோம். மூக்கு எப்படி ஒழுகுகிறது, வாய் எப்படிக் கோணுகிறது, இந்த மூஞ்சியை யாருக்காவது பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். குழந்தைகள்தானே, சிரிப்போம். அழுகிற குழந்தைக்குக் கண்ணாடியில் தன் முகமும் தெரியும், சுற்றி நின்று சிரிக்கிற முகங்களும் தெரியும். எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? அதுவும் இளித்துவிடும். “பல்லு தெரியட்டும், பல்லு தெரியட்டும்” என்பாள். பல் தெரிந்ததும் தலையைத் தடவி ஒரு குளுக்கோஸ் பிஸ்கட். குழந்தை எதற்காக அழுதது என்று மட்டும் கேட்க மாட்டாள். பசியோ, வயிற்று வலியோ, அம்மா ஞாபகமோ, பக்கத்தில் இருப்பவன் கிள்ளினானோ, அவளிடம் இருந்தது ஒரே மருந்து.

புதிதாக வரும் குழந்தைகள் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். ஷோபா என்று ஒரு குட்டிப் பெண், இரண்டு வயதிருக்கும், அம்மா போன திசையையே பார்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி விம்மும். கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். அடுத்த வாரம் கதவுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அம்மா வந்தாலும் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பல்லைக் காட்டியது. அந்த அம்மா சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

மாலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். நாங்கள் அதை போங்கா என்போம். போங்கா ஊதினதும் அவள் வேலையைத் தொடங்குவாள். எல்லோருக்கும் முகம் கழுவி, பவுடர் பூசி, வாசலை ஒட்டி வரிசையாக உட்காரவைப்பாள். அம்மாக்கள் வேர்த்து விறுவிறுத்து வரும்போது வரிசை முழுக்கப் பல். தொழிற்சாலையில் நாள் முழுக்க மூச்சு விடாமல் வேலை செய்துவிட்டு வருகிற பெண்களுக்கு அந்த வரிசை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ‘இன்னைக்கு எப்டி இருந்தான்’ என்று கேட்கவே வேண்டாம். பல் பதில் சொல்லிவிடும். அவர்களும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மதியம் பள்ளி விட்டதும் நானும் அங்கேதான் போய் உட்கார வேண்டும். ஒருநாள் வகுப்பில் ஒருத்தி என் நோட்டில் மை கொட்டிவிட்டாள் என்று மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என்னையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் உரக்க அழுதேன். சின்னவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் சட்டென்று போய் ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. இந்தப் பெண்பிள்ளைக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எதைக் கண்டு பயம் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை என்னை வைத்துக்கொள்ள முடியாது, மற்ற பிள்ளைகளும் என்னைப் பார்த்துக் கெட்டுப்போகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து விளக்குமாற்றை எடுத்தாள். நான் நிம்மதியாக அழுது தீர்த்தேன். மறுநாளிலிருந்து வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியாக இருந்தேன். தப்பித்தேன். தம்பி தப்பிக்கவில்லை.

சதீஷ் கைக்குழந்தையாக அவளிடம் போனவன். நான் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் ஒன்பது வருஷம் ஆசைதீர அழுது பழகியிருந்தேன். அவனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நடக்கக் கற்றது, பேசக் கற்றது, சிரிக்கக் கற்றது எல்லாம் அந்த வீட்டில்தான். புதிய அம்மாக்கள் விசாரிக்க வந்தால் அவள் அவனைத்தான் முன்னால் நிறுத்துவாள். “இவனப் பாருங்க, தவழாத புள்ளையா எங்கிட்ட வந்தான்” என்பாள். அவனும் பல்லைக் காட்டுவான்.

வீட்டிலும் அதே பல்தான். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் சிரிப்பான். நாய் துரத்தினால் சிரித்துக்கொண்டே ஓடுவான். ஊசி போட்டால் கம்பவுண்டரைப் பார்த்துச் சிரிப்பான். சமத்துப் பிள்ளை என்று தெருவே கொஞ்சியது. எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்காது. கண் ஒரு பக்கம் இருக்கும், பல் ஒரு பக்கம் இருக்கும்.

பிள்ளையாரைக் கரைக்கும் ஒரு கணபதி விசர்ஜனத்தன்று கட்கி பஜார் கூட்டத்தில் அவனைத் தொலைத்துவிட்டோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடுகிறாள். அப்பா ஒவ்வொரு பந்தலாக ஏறி மைக்கில் சொல்லச் சொல்கிறார். கடைசியில் வடாபாவ் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். நாங்கள் அந்த வண்டியைத் தாண்டி எத்தனையோ தடவை ஓடியிருந்தோம். தொலைந்த குழந்தை அவனா என்று வண்டிக்காரனுக்கே ஆச்சரியம். அழுகிற குழந்தையைத்தானே தேடுவார்கள்? சிரித்துக்கொண்டு நிற்கிறவனை யாரோ கூட இருப்பவர்களின் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் அவன் தைரியத்தை மெச்சினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. இவனுக்கு ஏதாவது ஆனால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இதை அம்மாவிடம் சொன்னேன். “அவன் ஒன்ன மாதிரி அழுமூஞ்சி இல்ல, போ” என்றாள்.

பயந்தது நடந்தது. அவனுக்கு நாலு வயது முடியும் சமயம். அன்று நானும் அம்மாவுடன் அவனை அழைத்துவரப் போயிருந்தேன். வழக்கம்போல வாசலில் வரிசை. வழக்கம்போலப் பல். பவுடர் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருந்தது, முகம் அவ்வளவு வேர்த்திருந்தது. அம்மா முன்னால் நடக்க, நான் அவன் இடது கையைப் பிடித்தேன். அவன் நின்றுவிட்டான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். கால்சட்டை நனைந்து மூத்திரம் தரையில் ஓடியது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முழங்கை உருண்டு திரண்டு வீங்கியிருக்கிறது. தொட்டால் கொதிக்கிறது. அப்பா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஒரு டாக்டரம்மா, மராத்திக்காரி, நரைத்த தலை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு எப்போது விழுந்தான் என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. வலிக்கிறதா என்று அவனிடம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிச் சிரித்தான். எலும்பு முறிந்து விலகியிருந்தது. அதை நேராக்கும்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து நேராக்கினால் பெரிய ஆளே கட்டிலை உதைப்பான் என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

“இவன் அழுவதே இல்லையா?” என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டாள்.

“இல்லீங்க மேடம். ரொம்ப நல்ல பையன்” என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அம்மா குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினாள். “அழற குழந்தைக்கு நான் வைத்தியம் பார்ப்பேன். எங்கே வலின்னு அது சொல்லிடும். இவனுக்கு நாளைக்கு வயித்துல ஏதாவது வந்தா நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?” என்றாள். வீட்டில் பெரியவர்கள் அவன் காதில் விழும்படி வலிக்கிறது, பயமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றாள். சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும், அவனைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, அழச் சொல்லியும் மிரட்டக் கூடாது, நாளாகும் என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அங்கேயே அழுதுவிட்டார். அவர் எதற்கும் அழுவார். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் போட்டால் எழுத்து ஓடும்போதே மூக்கை உறிஞ்சத் தொடங்குவார். ஆம்பளை இப்படி அழலாமா என்று இந்த மகராசியே எங்கள் வீட்டு வாசலில் நின்று கேலி பண்ணியிருக்கிறாள்.

மறுநாள் அம்மா அவள் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சண்டை பார்க்கிற ஆசையோடுதான் போனேன், மறைக்கவில்லை. அம்மா கேட்டது ஒரு கேள்விதான், அவன் விழுந்தது உனக்குத் தெரியுமா என்று.

“தெரியாம என்னா? மத்தியானம் துணிக் கல்லு மேலர்ந்து வுழுந்தான். ஏந்து நின்னு சிரிச்சான். பிஸ்கட் குடுத்தேன், துன்னான். சிரிக்கிற புள்ளைக்கு இன்னா ஆயிருக்கும்னு நெனைக்கிறது?”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒவ்வொரு குழந்தையின் முகத்திலும் தானே ஒட்டிவைத்த சிரிப்பு அது. ஒட்டியவளே அதை நம்பிவிட்டாள்.

அம்மாவுக்குக் குரல் எழும்பியது. உடனே அவள் மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அரசாங்கம் குடியிருக்கக் கொடுத்த வீடு இது, இதில் தொழில் நடத்துகிறேன் என்று யாராவது ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டால் புருஷன் பெட்டி படுக்கையோடு வெளியே போக வேண்டியதுதான் என்று கிசுகிசுத்தாள். பத்துக் குழந்தை அழுகிற சத்தத்தை எந்த மாடி வீட்டுக்காரி எத்தனை நாள் பொறுப்பாள்?

“என் வூடு போனா போவுது. நாளைக்கி இந்தப் புள்ளைங்கள எங்க வுட்டுட்டு வேலைக்குப் போவீங்க? அத்தச் சொல்லு” என்றாள்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அன்று என் அழுகைக்கு அவள் ஜன்னலைச் சாத்தியது இதற்காகத்தான். அம்மாவுக்கு இது தெரியும். எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அந்த வீட்டில் சத்தம் வரக் கூடாது என்று அவள் மட்டும் நினைக்கவில்லை, குவார்ட்டர்ஸே கூடி நினைத்தது. எப்படிச் சத்தம் வராமல் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இதையெல்லாம் இன்று நன்றாகவே புரிந்துகொள்கிறேன். புரிந்ததற்காக மன்னிக்க வேண்டும் என்று சட்டமா? வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழியே இல்லாமல் போயிருக்கலாம். அதற்காக நாலு வயதுப் பிள்ளையின் முகத்தைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டவளை நான் ஏன் கும்பிட வேண்டும்?

மாவுக்கட்டுப் பிரித்ததும் அவனை மறுபடியும் அங்கேயே அனுப்பலாம் என்று அம்மா மெல்லப் பேச்செடுத்தாள். அப்பா முடியாது என்றார். அவர் வாழ்நாளில் முடியாது என்று சொன்ன சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. நிரந்தரமாக நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் அவனைப் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் தூங்கினார். அவர் தூக்கக் கலக்கமில்லாமல் இருந்து நான் அதன் பிறகு பார்த்ததே இல்லை. முறிந்த கை சேர்ந்துவிட்டது. முழங்கை மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டது.

டாக்டரம்மா சொன்னதை அப்பா மருந்து குடிப்பதுபோலக் கடைப்பிடித்தார். நாலு மணிக்கு டீ போடுவார். தனக்கு ஒரு கிளாஸ், அவனுக்குப் பால் கலந்து ஒரு கிளாஸ். எதிரே உட்காரவைத்துக்கொண்டு, “இன்னைக்கு முட்டி வலிக்குதுடா சதீஷு. சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் திட்டிட்டான். அதுவும் வலிச்சிது” என்பார். மனப்பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் சொல்லும்போதே நிஜமாக அழுதுவிடுவார். சதீஷ் பல்லைக் காட்டிக்கொண்டே டீ குடிப்பான். “ஒனக்கு?” என்பார். “இல்ல” என்பான். சரி என்று கிளாஸைக் கழுவப் போய்விடுவார். ஒரு நாளும் துருவிக் கேட்டதில்லை. மாதக்கணக்கில் இது நடந்தது. அம்மாவுக்கு இந்தக் கூத்தில் நம்பிக்கையே இல்லை.

அவன் ஒன்றாவது படிக்கும்போது, மழைக்காலம், அதே டீ நேரம். அப்பா தன் கதையைச் சொல்லிவிட்டு வழக்கம்போல “ஒனக்கு?” என்றார். “கை கோணல்னு பசங்க சொல்றாங்க. வலிக்குது” என்றான் சதீஷ். முகம் சிரித்துக்கொண்டேதான் இருந்தது. வாய் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொன்னது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது. அப்பா அந்தக் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். நிறைய இல்லை, எப்போதாவது. அதுவும் அப்பாவிடம் மட்டும். என்னிடமோ அம்மாவிடமோ சொல்ல மாட்டான். பரீட்சையில் தோற்றபோதும், ஒரு பெண் அவனை வேண்டாம் என்றபோதும் எங்களுக்குக் கிடைத்தது பல். அப்பாவுக்குத்தான் விஷயம் தெரியும். அவர் எங்களிடம் சொல்ல மாட்டார், ஆனால் அன்று அவர் கண் சிவந்திருக்கும். வீட்டில் ஒரு ஆளிடமாவது சொல்கிறானே என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

அவள்? நன்றாக இருந்தாள். புருஷன் ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் பக்கத்துப் பேட்டையான ஔந்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை எடுத்துச் சிறுவர் பள்ளியாகவே தொடங்கிவிட்டாள். இந்தத் தடவை எல்லாம் சட்டப்படி. வாசலில் மஞ்சள் போர்டு, அதில் சிரிக்கிற சூரியன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து குவிந்த இளம் தம்பதிகளுக்குத் தமிழ் பேசுகிற ஆள், ரசம் சாதம் ஊட்டுகிற ஆள். விடுவார்களா? என் ஆபீசில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் தன் மகளை அங்கேதான் விட்டிருந்தாள். “எங்க ஊட்ல இருந்தா நை நைன்னு அழுதுட்டே இருப்பாளுங்க. அங்க போனா சத்தமே இல்லீங்க. அந்தம்மா கையில என்னமோ இருக்குதுங்க” என்றாள். என்ன இருக்கிறது என்று நான் சொன்னேன். கண்ணாடி, வரிசை, பல், என் தம்பியின் முழங்கை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களுக்கு அவர்கள் மேல் சொந்தக் கோபம் என்னமோ இருக்கிறது என்றாள். இருக்கிறது என்றேன். இப்போது வெறும் பயத்தால் அல்ல, பெருமைக்காகவே அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் மதியம் வேலை மெனக்கெட்டுப் போய் அந்தப் போர்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். உள்ளே முப்பது பிள்ளைகளாவது இருக்கும். ரைம்ஸ் கேட்டது, கைதட்டல் கேட்டது. ஒரு சிணுங்கல் கூட இல்லை. முப்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒன்றுகூட அழவில்லை என்றால் ஊரார் ஓடிவந்து கதவைத் தட்ட வேண்டாமா? பெற்றோர்கள் வரிசையில் நின்று அட்மிஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. ஒரு காலை, ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சதீஷுக்கு இருபது வயதுக்குள்தான். வேலூரிலிருந்து சொந்தங்கள் வந்துவிட்டார்கள். அவன் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டான், பந்தலுக்குக் கயிறு கட்டினான், டீ கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் சிரித்த முகத்தோடு. சித்தப்பா என் காதில், “அப்பன் செத்துக் கெடக்கறான், இவன் பல்ல இளிச்சிக்கினு நிக்கறான் பாரு” என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. என் பயமெல்லாம் வேறு. வலிக்கிறது என்று அவன் சொல்வதற்கு ஒரே ஓர் ஆள் இருந்தார். அவர் நடுக் கூடத்தில் படுத்திருக்கிறார். இனி இந்தப் பையன் யாரிடம் சொல்வான்? சொல்லாமலே செத்துப்போவானா?

அப்போதுதான் அவள் வந்தாள். மகன் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். பெரிய ரோஜா மாலை. அப்பா காலடியில் மாலையை வைத்துவிட்டு நேராகச் சதீஷிடம் போய் அவன் கன்னத்தைத் தட்டினாள். பெண்கள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு சொட்டு வுடல பாருங்க. எங் கையில வளந்த புள்ள.”

நான் எழுந்துவிட்டேன். எதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது, நல்லதாக இருந்திருக்காது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்மா, எனக்கு வலிக்குது” என்றான் சதீஷ் அவளைப் பார்த்து.

சாதாரணக் குரல். முகத்தில் அதே சிரிப்பு. அவளுக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. “ஆங்?” என்றாள்.

“அப்பா இல்ல. ரொம்ப வலிக்குது.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். கூடமே அவர்கள் இருவரையும் பார்த்தது. அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறாள். அழாமல் எதிரே நின்று வலிக்கிறது என்று சொல்கிறவனை என்ன செய்வது? நிறுத்துவதற்கு அங்கே சத்தம் எதுவும் இல்லை. கையைத் தூக்கினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே போட்டாள். பிறகு, “சாப்டியா கண்ணு?” என்றாள். பிணம் கிடக்கிற வீட்டில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

“இல்ல பெரியம்மா. வலிக்குது” என்றான் அவன். விடவில்லை.

அம்மா என் கையை விட்டாள். எழுந்து கூட்டத்தைத் தாண்டி அவனிடம் போனாள். “எங்கடா வலிக்குது?” என்று கேட்டாள். அம்மா அவனிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் கொஞ்சம் யோசித்தான். தெரியல, எல்லா எடத்துலயும் என்றான். அம்மா அவனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் அன்றும் அழவில்லை, இன்றுவரை அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் சாய்ந்த தலையை அவன் எடுக்கவே இல்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நம் வழக்கம். அந்த ஒரு காரியத்தையாவது அவள் எங்கள் வீட்டில் சரியாகச் செய்தாள்.